உபரித் தாங்கி நிறைந்தே இருந்தது

அக்போபுரவைத் தாண்டி ஹபரணையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, காரின் எஞ்சின் சூட்டைக் காட்டும் வெப்ப முள் ஏறத் தொடங்கியது. ஓகஸ்ட் மாதம், பகல் இரண்டு மணி, கச்சான் காற்று அனலாய் வீசிக்கொண்டிருந்தது. பேராதனைப் பல்கலைக்கழக விடுதியிலிருந்து மகளை அழைத்துவரத் திருகோணமலையில் இருந்து புறப்பட்டிருந்தேன். வண்டி 1988ஆம் ஆண்டுக் கொரோலா, அப்பா வாங்கியது. முள் பாதியைக் கடந்து சிவப்புக் கோட்டின் அருகே போய் நின்றது. வேகத்தைக் குறைத்தேன். சற்று நேரத்தில் முள் மளமளவென்று கீழே இறங்கியது. அப்பாடா, தணிந்துவிட்டது என்று இன்னுமொரு கிலோமீற்றர் ஓட்டினேன்.

அந்த ஒரு கிலோமீற்றரை நான் ஓட்டியிருக்கவே கூடாது. முள்ளுக்குத் தகவல் சொல்லும் உணரி, எஞ்சினை ஆற்றச் சுற்றி ஓடும் நீரில் மூழ்கியிருக்கும் வரைதான் உண்மை சொல்லும். நீர் இறங்கி அதைச் சுற்றி வெறும் ஆவியும் காற்றும் நின்றால் அது குளிர்ந்துவிட்டதாகவே காட்டும். எஞ்சின் எரிந்துகொண்டிருக்கும்போது முள் கீழே கிடக்கும். ஏறிய முள் காரணமில்லாமல் திடீரென்று விழுந்தால், அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும்.

நிறுத்தியபோது முன்மூடியின் விளிம்பெல்லாம் ஆவி வந்தது. பின்னால் வந்த லொறிக்காரர் இரக்கப்பட்டு ஒரு கலன் தண்ணீரோடு இறங்கி வந்தார். "மூடியைத் திறந்து ஊற்றுங்கள் அண்ணை, இப்போதே சரியாகிவிடும்" என்றார். நான் மறுத்துவிட்டேன். எஞ்சின் நீரைக் காற்றில் ஆறவைக்கும் ரேடியேற்றரின் மூடி, உள்ளே சாதாரணக் காற்றழுத்தத்துக்கு மேல் 0.9 பார் அளவு அழுத்தத்தைப் பிடித்துவைத்திருக்கிறது. அந்த அழுத்தத்தில் நீர் ஏறத்தாழ 119 பாகை வரை கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த கணத்தில் அழுத்தம் போய்விடும், அடங்கிக் கிடந்த நீரெல்லாம் ஒரே நொடியில் கொதித்துத் திறந்தவரின் முகத்தில் பாயும். கொதிக்கும் அலுமினிய எஞ்சின் தலையில் பச்சைத் தண்ணீர் பட்டால் அது வளையலாம், வெடிப்பு விடலாம். அவர் கலனை வைத்துவிட்டுப் போனார். அந்த நல்ல மனிதருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தேன். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையிலான காட்டுப் பகுதியில் யானை நடமாட்டம் உண்டு. மாலை சாய்வதற்கு முன் அங்கிருந்து கிளம்ப வேண்டும் என்ற பதற்றம் ஒருபுறம். வெறுங்கையால் மேல் ஹோஸைப் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறிய பிறகு, தடித்த துணியைப் போட்டு மூடியைச் சற்றே திருப்பி, சீறல் நின்றதும் கழற்றினேன். நான்கு லீற்றர் அளவு நீர் பிடித்தது. அந்த எஞ்சின் முழுவதற்குமே ஐந்து லீற்றர் போதும். ஆக, கிட்டத்தட்ட வெறும் எஞ்சினைத்தான் ஓட்டியிருக்கிறேன்.

குளிர் நாடுகளில் இப்படி நேர்ந்தால் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடச் சொல்வார்கள். அது இரண்டாவது சிறு ரேடியேற்றராக வேலை செய்யும். நம் பழைய கார்கள் பலவற்றில், ஹீட்டர் எதற்கு என்று அதன் இரு குழாய்களையும் ஒன்றோடொன்று வளைத்து இணைத்துவிட்டிருப்பார்கள். என் வண்டியிலும் அப்படித்தான். முன்மூடியைக் கொக்கியில் பாதி திறந்து வைத்து, இரண்டு இடங்களில் நிறுத்தி ஆறவிட்டு, மெல்ல மெல்லக் கந்தளாய்க்குத் திரும்பினேன். மகள் பஸ்ஸில் வந்து சேர்ந்தாள்.

இத்தனைக்கும் நான் கவனமில்லாமல் இருந்தவன் அல்லன். ரேடியேற்றரில் மிஞ்சும் நீர் போய்ச் சேரும் உபரித் தாங்கியைத் தினமும் காலையில் பார்ப்பேன். அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் தாங்கியில் கூலண்ட் என்னும் குளிர்த்தும் திரவம் மேல் கோட்டில் அப்படியே நிற்கும். ஒரு மாதமாக ஒரு விரல்கூடக் குறையவில்லை. தாங்கி நிறைந்திருக்கும்போது ரேடியேற்றர் எப்படிக் காலியாகும்? இதற்கு விடை கிடைக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

முதலில் போன கராஜில், எஞ்சின் சூடேறும் வரை நீரை ரேடியேற்றருக்கு விடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தார்கள். "இந்த வெயிலுக்கு இது எதற்கு?" என்றார் அங்கிருந்தவர். கூடவே, ஒழுக்கை அடைக்கும் தூள் ஒன்றை ரேடியேற்றருக்குள் கொட்டினார். இந்த இரண்டையும் நம் ஊரில் நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள், இரண்டுமே தவறு என்பது என் திடமான எண்ணம். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் சூடேறத் தாமதிக்கும், பெற்றோல் கூடக் குடிக்கும். சில எஞ்சின்களில் அதே வால்வுதான் சூடேறிய பிறகு குறுக்கு வழியையும் அடைக்கிறது. அதைக் கழற்றிவிட்டால் நீரில் ஒரு பங்கு ரேடியேற்றர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள் சுற்றும். தூளோ ஒழுகும் ஓட்டையை மட்டும் தேடிப் போவதில்லை, மெல்லிய குழாய்களிலும் போய்ப் படிகிறது. இரண்டு வாரத்தில் முள் மறுபடி ஏறியது, இம்முறை உவர்மலை ஏற்றத்திலேயே.

வேறு வண்டி வாங்கலாமே என்று வீட்டில் கேட்டார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய கார்களின் விலை எங்கே போய் நின்றது என்பது இலங்கையில் எல்லோருக்கும் தெரியும். 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தபோதும் வரி நம் கைக்கு எட்டுவதாக இல்லை. விலையை விடுங்கள், அது அப்பாவின் கார். இரும்பு இற்றுப்போகும்வரை அதை ஓட்டுவதென்று முடிவு செய்திருக்கிறேன்.

கிண்ணியாவில் ரேடியேற்றர் வேலை மட்டுமே செய்யும் ஒரு முஸ்லிம் அண்ணனை, ஒரு நானாவைப் பற்றி நண்பர் சொன்னார். விடியற்காலைக் குளிரில் புறப்பட்டு, சீனக்குடா வழியாகப் போனேன். 2009இல் பாலம் திறக்கப்படுவதற்கு முன், இதே காரை அப்பா, பாதை என்று நாம் சொல்லும் மிதவையில் ஏற்றித்தான் அக்கரைக்குக் கொண்டுபோவார். தண்ணீர் விளிம்பில் பலகை அசைய அசைய நான் பின் இருக்கையில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் நினைவுக்கு வரும்.

நானா எதையும் கழற்றவில்லை. "முதலில் ஆறட்டும் தம்பி" என்று தேநீர் கொடுத்தார். வண்டி நன்றாகக் குளிர்ந்த பிறகு ரேடியேற்றர் வாயில் கையால் அழுத்தும் ஒரு பம்பைப் பொருத்தி, மானியில் 0.9 வரும் வரை அடித்தார். எஞ்சின் ஓடாமலேயே, ஓடும்போது இருக்கும் அழுத்தம் உள்ளே வந்துவிட்டது. பிறகு டோர்ச் விளக்கோடு குனிந்து காது கொடுத்துக் கேட்டார். மானி முள் மெல்ல இறங்கியது. பத்து நிமிடத்துக்குள் மூன்று இடங்களைக் காட்டினார்: ரேடியேற்றர் கழுத்துக்கு அருகே ஈயப்பற்று விட்டிருந்த மயிரிழை வெடிப்பு, ஹீட்டர் குழாய்களை வளைத்து இணைத்த இடம், நீர்ப் பம்பின் அடியிலுள்ள சிறு துளை. அந்தத் துளை பம்பிலேயே வைத்து வருவது. உள்ளிருக்கும் அடைப்பான் தேய்ந்தால் அதன் வழியே கசிந்து காட்டிக்கொடுக்கும். அதைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்கு கட்டியிருந்தது. மூடியைத் தனியாகச் சோதித்தார். 0.9இல் திறக்க வேண்டியது 0.4இலேயே திறந்தது.

என் கேள்வியைக் கேட்டேன். அவர் விளக்கியதை இன்றும் அப்படியே சொல்வேன். சூடானால் நீர் விரிந்து மூடி வழியாக உபரித் தாங்கிக்குப் போக வேண்டும். ஆறினால் ரேடியேற்றர் அதை உறிஞ்சித் திரும்ப எடுக்க வேண்டும். கழுத்தில் வெடிப்பு இருந்தால் சூட்டில் அதன் வழியே ஆவியாகப் போகிறது, தரையில் சொட்டுவதில்லை. ஆறும்போது தாங்கியிலிருந்து நீரை இழுப்பதற்குப் பதில் அதே வெடிப்பால் காற்றை இழுத்துக்கொள்கிறது. தாங்கி தொடப்படாமலே கிடக்கிறது. "தாங்கி குறையாமல் இருந்ததே நோய்க்கு அடையாளம், தம்பி. காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து பார்த்திருக்க வேண்டும்."

பணத்தைக் கொட்டுவதற்கு முன், எஞ்சின் தலைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள அடைப்பான தலைக் கேஸ்கெட்டை அவர் சோதித்ததும் எனக்குப் பிடித்திருந்தது. குளிர்ந்த வண்டியை மூடியில்லாமல் ஓடவிட்டு, வாயில் இடைவிடாமல் குமிழி வருகிறதா என்று பார்த்தார். எண்ணெய் அளவுக்கோலில் பால் கலந்ததுபோல் நிறம் இருக்கிறதா, புகையில் இனிப்பு மணம் வருகிறதா என்று பார்த்தார். எதுவும் இல்லை. அக்போபுரவில் ஓட்டிய அந்த ஒரு கிலோமீற்றருக்கு எஞ்சின் என்னை மன்னித்திருந்தது.

ரேடியேற்றரைக் கழற்றி, மேல் பித்தளைத் தொட்டியை ஈயம் உருக்கிப் பிரித்தபோதுதான் உள்ளே பார்த்தேன். பாதிக் குழாய்களின் வாயில் சுண்ணாம்பு. அதன்மேல் முதல் கராஜின் தூள், சேறுபோல். உப்புவெளியில் எங்கள் கிணற்று நீரை ஆண்டுக்கணக்காக ஊற்றியிருக்கிறேன். குடித்தாலே உவர்க்கும் நீர், கொதித்துக் கொதித்துப் படியாமல் என்ன செய்யும்? வெளியே கடற்காற்று செப்புத் தகடுகளைத் தின்றிருந்தது, விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தன. கம்பி விட்டுக் குத்தினால் கொஞ்ச நாள் ஓடும், ஆனால் நடுப்பகுதியை மாற்றுவதே மேல் என்றார். வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தையில் சொல்லி, செப்பு நடுப்பகுதி இரண்டு நாளில் பஸ்ஸில் வந்தது. பழைய பித்தளைத் தொட்டிகளை அதில் வைத்துப் பற்றவைத்தார். அந்தச் சுடரின் கீழ் ஈயம் வெள்ளிக்கோடாக ஓடி அடங்கியதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

பம்பு, மூடி, ஹோஸ்கள், கிளிப்புகள் எல்லாம் புதிது. ஹீட்டர் வளைவுக்கும் புது ஹோஸ். தெர்மோஸ்டாட்டையும் திரும்பப் போட்டோம், 82 பாகையில் திறப்பது. போடுவதற்கு முன் வீட்டில் சட்டியில் நீர் வைத்து, வெப்பமானியோடு நூலில் தொங்கவிட்டுப் பார்த்தேன். 82ஐத் தொட்டதும் பூ மலர்வதுபோல் திறந்தது. இந்த வேலையை யாரும் வீட்டிலேயே செய்யலாம்.

ரேடியேற்றர் விசிறியையும் நானா விட்டுவைக்கவில்லை. இந்த வகைக் கொரோலாவில், சூடேறினால் விசிறியை ஓடவைக்கும் வெப்ப விசையின் கம்பியைக் கழற்றினால் விசிறி தானாக ஓட வேண்டும். விசை கெட்டாலும் எஞ்சின் எரியாமலிருக்க அப்படி அமைத்திருக்கிறார்கள். கழற்றினார், ஓடியது.

கூலண்டில் பாதிக்குப் பாதி, பற்றரிக்கு ஊற்றும் வடிநீர் கலந்தோம். மூடியில்லாமல் மெல்ல நிரப்பி, முன்சக்கரங்களை ஏற்றத்தில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, மேல் ஹோஸ் சூடாகும் வரை காத்திருந்தோம். தெர்மோஸ்டாட் திறந்ததும் நீர் ஒரு சாண் கீழே போய், பெரிய குமிழிகளாகக் காற்று வெளியேறியது. மீண்டும் நிரப்பினோம். அவசரப்பட்டு இந்தக் காற்றை விட்டுவைத்தால், புதிதாகப் போட்ட எல்லாம் இருந்தும் வண்டி சூடேறும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பம்பு கசிந்த நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமை, கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் பிரெட்ரிக் கோட்டைக்குள் வண்டியை நிறுத்தியிருந்தேன். திரும்பி வந்தபோது ஒரு பெண்மான் வண்டியின் அடியில் முகத்தை நீட்டி மோந்துகொண்டிருந்தது. கூலண்டிலுள்ள எத்திலீன் கிளைகோல் இனிக்கும், சிறு அளவே விலங்குகளின் சிறுநீரகத்தை அழித்துவிடும். நாய், பூனை, நம் ஊர்த் தெருக்களில் திரியும் மான்கள் எல்லாவற்றுக்கும் அது நஞ்சு. மானைத் துரத்திவிட்டு, அந்த இடத்தில் மண்ணைப் போட்டுக் கூட்டி அள்ளி, தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. வடித்த பழைய கூலண்டை நானா வடிகாலில் ஊற்றாமல் மூடியுள்ள கலனில் எடுத்துவைத்ததைப் பார்த்தபோது அந்த மனிதர்மீது மதிப்பு இரட்டிப்பானது.

பங்குனியில் மகளை அழைத்துவர மறுபடி புறப்பட்டேன். மாத்தளையைத் தாண்டிப் பலகடுவ ஏற்றத்தில், முன்னால் ஊர்ந்த லொறிக்குப் பின்னால் இரண்டாம் கியரிலேயே ஏறினேன். முள் பாதிக்குச் சற்றுக் கீழே நின்றது, அசையவில்லை.

இப்போது வாரத்துக்கு ஒரு முறை, காலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து பார்க்கிறேன். நீர் கழுத்துவரை நிற்கிறது. உபரித் தாங்கியில் ஓடி வந்த மாலையில் இரண்டு விரல் ஏறுகிறது, விடிந்ததும் இரண்டு விரல் இறங்கியிருக்கிறது.