கேட்காமல் ஏறிய 14.11

மார்ச் 4, 2024, திங்கள்

காலை 10.40. பிப்ரவரி கணக்கு அறிக்கை பாதியில் அறுந்துபோனது. கணக்குப் பிரிவு அக்கா போனில், "மறுபடியும் முதல்லேர்ந்தா தம்பி?" என்றார். அறிக்கைக்கென வைத்திருக்கும் இரண்டு ரெப்ளிகா (மூலத் தரவுத்தளத்தின் நகல்) சர்வர்களிலும் போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருள் ரீஸ்டார்ட் ஆகியிருந்தது. அதன் பதிப்பு நேற்றுவரை 14.10, இப்போது 14.11. யாரும் ஏற்றவில்லை.

தானாகவே அப்டேட் ஏற்றும் அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். மென்பொருள் நிறுவும் கருவியான ஆப்ட்டின் ஹிஸ்டரி லாகில் அதன் பெயரே இல்லை. வெறும் ஆப்ட்-கெட் இன்ஸ்டால், கூடவே ஃபோர்ஸ்-கான்ஃப்ஓல்டு (பழைய அமைப்புக் கோப்புகளை அப்படியே வை), ஒரே ஒரு பேக்கேஜ். சர்வர்களின் அமைப்பைத் தானாகப் பராமரிக்கும் பப்பெட் இப்படித்தான் ஏற்றும். சிஸ்லாகிலும் அதே நிமிடத்தில் பப்பெட்டின் ஏஜெண்ட் ஓடிய தடம்.

மார்ச் 5, செவ்வாய்

பப்பெட்டுக்கு நாங்கள் எழுதிய போஸ்ட்கிரெஸ் கிளாஸில் (ஒரு வேலைக்கான அமைப்புத் தொகுப்பு) பேக்கேஜ் பெயர் மட்டும்தான். எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று சொல்லும் என்ஷூர் வரியே கிடையாது. அப்படியென்றால், இல்லாவிட்டால் நிறுவும், இருந்தால் தொடாது. ஆறு சர்வர்களிலும் இதே கிளாஸ். பிறகு ஏன் இரண்டு மட்டும்?

ஏஜெண்டை நிறுத்த மனமில்லை, ஃபயர்வால் விதிகளும் அதன் வழியாகத்தான் போகின்றன. மீதி நான்கிலும் 14.10ஐப் பின் செய்தேன் (பதிப்பு மாறாமல் ஆப்ட்டில் பூட்டினேன்), முன்னுரிமை 1001. ஆப்ட் காட்டும் கேண்டிடேட்டைத்தான் (நிறுவத் தேர்ந்த பதிப்பு) பப்பெட் 'லேட்டஸ்ட்' என்று எடுத்துக்கொள்ளும், அதனால் இது தாங்கும்.

மார்ச் 7, வியாழன்

கிடைத்துவிட்டது! அறிக்கை கிளாஸின் தலையில் ஒரு ரிசோர்ஸ் டிஃபால்ட், அதாவது தனியாக எதுவும் சொல்லாதவற்றுக்குப் பொருந்தும் பொது மதிப்பு: எல்லாப் பேக்கேஜுக்கும் என்ஷூர் லேட்டஸ்ட். அதன் சொந்தக் கருவிகளுக்காக எழுதியது. அதற்கு இரண்டு வரி கீழே போஸ்ட்கிரெஸ் கிளாஸை இன்க்ளூட் செய்கிறது. மாறிகளுக்கு இருந்த டைனமிக் ஸ்கோப்பை (அழைத்த கிளாஸின் மதிப்பு உள்ளே வருவது) பப்பெட் 3இலேயே எடுத்துவிட்டார்கள். ரிசோர்ஸ் டிஃபால்ட்டுக்கு மட்டும் அது இன்னும் உண்டு. முதலில் யார் இன்க்ளூட் செய்கிறார்களோ அவர்களுடைய டிஃபால்ட் உள்ளே இறங்கிவிடும். மற்ற நான்கில் அறிக்கை கிளாஸே இல்லை. போஸ்ட்கிரெஸ் கோப்பை மட்டும் எத்தனை முறை படித்தாலும் இது கண்ணில் படாது. அதுதான் எனக்குக் கோபம்.

மார்ச் 11, திங்கள்

டிஃபால்ட்டை எடுத்துவிட்டு, லேட்டஸ்ட் வேண்டிய கருவிகளுக்கு மட்டும் தனித்தனியாக எழுதினேன். போஸ்ட்கிரெஸுக்கு 'இன்ஸ்டால்டு' என்று வெளிப்படையாகவே போட்டாயிற்று. 14.10 உள்ள சோதனை சர்வரில் பின் இல்லாமல் நோ-ஆப் ஓட்டம் (எதையும் மாற்றாமல், என்ன மாறும் என்று மட்டும் காட்டுவது): போஸ்ட்கிரெஸ் பற்றி ஒரு வரிகூட வரவில்லை.

14.11 வேண்டாம் என்பதல்ல. மெட்டீரியலைஸ்டு வியூவில் (சேமித்து வைத்த வினவல் முடிவு) ஒரு பாதுகாப்பு ஓட்டையை அது அடைக்கிறது, போட்டே ஆக வேண்டும். மீதி நான்கும் வியாழன் இரவு 11 மணிக்கு. ரெப்ளிகாக்கள் முதலில், மூல சர்வரான பிரைமரி கடைசியில். அக்காவிடம் நேரத்தைச் சொல்லிவிட்டேன்.