ஊசிக்குக் காது, மெஷினுக்கு?

செப்டம்பர் 2, செவ்வாய்
தையல் மெஷினுக்குக் கண்ணை எங்கே வைப்பது? காலையிலிருந்து இதே. நூலை இறுக்குகிற அந்த வட்டு, நடுவில் திருகோடு, பளபளவென்று கண் மாதிரியே இருக்கிறது. ஏழு தடவை வரைந்தேன். ஏழிலும் முறைக்கிறது.

செப்டம்பர் 3
ஒன்றும் வரையவில்லை. தூங்கினேன்.

செப்டம்பர் 4, வியாழன்
அப்பாவுக்கு டயாலிசிஸ். எடை இரண்டரைக் கிலோ கூட. தண்ணீர் குடிக்கவே இல்லை என்று அப்பா சாதிக்கிறார். ரசம் தண்ணீரில் சேராதாம்.

நாலு மணி நேரம் சும்மா உட்காரணுமே என்று நோட்டைக் கொண்டு போயிருந்தேன். அப்பா ஒரு கையால் வாங்கிப் பார்த்தார். "ஏத்தா, அங்கன கண்ணை வச்சா நூலு எது வழியாப் போகும்?" சரிதான். இரண்டு வட்டுக்கும் இடையில்தான் நூல் போகணும். கண்ணுக்குள் நூல் விட்டால் எந்தப் பிள்ளை புத்தகத்தைத் திறக்கும்? மதுரைப் புது மண்டபத்துத் தூணடியில் நாற்பது வருஷம் தையல் மெஷின் மிதித்தவரிடம் போய்க் காட்டினேன் பார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிற மெஷினை வரைய மாட்டேன். அது அதுவாகவே இருக்கட்டும்.

செப்டம்பர் 5
ரயில் என்ஜின் வரைகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். முன்னால் வட்டமாக ஒரு மூடி, அதில் முகத்தை ஒட்டினால் முடிந்தது. ஆட்ரி பாதிரியார் தட்டம்மை கண்ட மகனுக்குச் சொல்ல ஆரம்பித்த ரயில் கதைகள் 1945-ல் புத்தகமாயின. (படுத்திருக்கிறவர்களுக்காகத்தான் எல்லாரும் வரைகிறார்களோ.) காருக்கும் வழி உண்டு. ஹெட்லைட்டில் கண் வைத்தால் தவளை. 1952-ல் வந்த டிஸ்னி குறும்படத்துக் காருக்கு முன்கண்ணாடியிலேயே கண். அங்கே வைத்தால் புருவம் தூக்க இடம் கிடைக்கிறது, ஆளாகிவிடுகிறது.

தையல் மெஷினுக்கு முன்பக்கம் என்று ஒன்றும் இல்லை. குதிரை மாதிரி பக்கவாட்டில் பார்த்தால்தான் அழகு. பக்கவாட்டில் ஒற்றைக் கண்தான்.

செப்டம்பர் 6, சனி
ஊசி போடும்போது அப்பா மின்விசிறியையே பார்க்கிறார். கோணி தைக்கிற ஊசி தேவலாம்.

செப்டம்பர் 8
பானைக்கு வாய், கெண்டிக்கு மூக்கு, கூஜாவுக்குக் கழுத்து, ரம்பத்துக்குப் பல், கட்டிலுக்குக் கால், ஊசிக்குக் காது. கண் தேங்காய்க்கு மட்டும் மூன்று. நம் ஆட்கள் எல்லாவற்றுக்கும் உறுப்பு கொடுத்துவிட்டுக் கண்ணை மட்டும் ஏன் இப்படிப் பிடித்து வைத்துக்கொண்டார்கள்?

கையூசிக்குத் தலையில் காது, மெஷின் ஊசிக்கு முனையில். 1846-ல் எலியாஸ் ஹோவ் காப்புரிமை வாங்கிய மெஷினிலேயே அப்படித்தான். அப்பாவிடம் சொன்னேன். உற்சாகமாகி, "காதற்ற ஊசியும்..." என்று ராகம் போட ஆரம்பித்தார். அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள். அப்புறம் யாரும் பேசவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்
பதிப்பகத்திலிருந்து போன். "மெஷின் அழுதது" என்பதை "அழுதாள்" ஆக்கலாமா என்கிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. முகம் போடுவது என் வேலை, திணையை மாற்றுவது வேறு வேலை. "அது"வாக இருந்துகொண்டே அழட்டுமே. நாய்க்குட்டியை என்ன, "அவன்" என்றா சொல்கிறோம்? சொல்கிறோம். சரி, நாளைக்கு யோசிக்கலாம்.

செப்டம்பர் 10
யோசிக்கவில்லை.

செப்டம்பர் 12
விளாச்சேரி போனேன். கொலுவுக்குச் செட்டியார் பொம்மைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மீசை, தொந்தி, எதிரில் மளிகைச் சாமான், எல்லாம் தயார். கண் மட்டும் வெறும் வெள்ளை. ஓர் அக்கா நாலே நாலு மயிர் உள்ள தூரிகையால் கருவிழி வைத்துக்கொண்டிருந்தார். மூச்சைப் பிடித்து ஒரு புள்ளி, விட்டு இன்னொரு புள்ளி. வைத்த அந்த நொடியே செட்டியார் விலை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

பஸ்ஸில் வரும்போது தோன்றியது: கண்ணே வேண்டாம். நூலை இழுத்துக்கொண்டு மேலும் கீழும் போகுமே அந்தக் கொக்கி, அது தலையாட்டுகிற மாதிரி இருந்தால் போதும். அப்பாவும் "சரி"க்கு வாய் திறக்க மாட்டார்.

செப்டம்பர் 13, சனி
இன்றைக்கு இரண்டு தடவை கத்தினான். குழாய் மடங்கியிருந்ததாம். சிஸ்டர் நிமிர்த்தி விட்டதும் அடங்கிவிட்டான். அப்பா தூங்குகிறார். நோட்டை எடுக்கவில்லை.