ஈரல் கொழுப்பை அளக்க அம்மாவோடு இரண்டு தடவை கண்டிக்கு

அம்மாவின் ஈரலில் கொழுப்பு என்று அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட் இரண்டு வருடமாகச் சொல்கிறது. அது பார்ப்பவரின் கண்மதிப்பு, கூடுகிறதா குறைகிறதா என்று சரியாகப் பிடிபடாது. சீனி வருத்தமும் இருப்பதால் டொக்டர் எம்.ஆர்.ஐ. எடுத்துவரச் சொன்னார், அதில் கொழுப்பை வீதமாகவே அளக்கலாம்.

ஹட்டனிலிருந்து விடியற்காலை பஸ். கினிகத்தேனை வளைவுகளில் அம்மாவுக்கு இரண்டு தடவை வாந்தி, அதுவும் வெறும் வயிற்றில். ஸ்கேன் எடுத்தோம், காசு கட்டினோம், வந்தோம். ரிப்போர்ட்டைப் பிரித்தால் 'கொழுப்பு படிந்துள்ளது' என்று ஒரே வரி, எண்ணே இல்லை! போன் போட்டால், "துண்டில் வயிற்று எம்.ஆர்.ஐ. என்றுதானே இருக்கு, வீதம் பார்க்கிற வசதி எங்க மெஷினில் இல்லை" என்கிறார் கவுன்டரில் இருந்தவர். முதல் நாள் நான் கேட்டபோது "ஆமா ஆமா, ஈரலுக்கு எடுப்போம், வாங்க" என்றவரும் அவரேதான். இன்னும் எனக்கு ஆறவில்லை.

தயவுசெய்து டொக்டர் தரும் துண்டில் 'பி.டி.எஃப்.எஃப்.' என்ற எழுத்துகள் இருக்கிறதா என்று பாருங்கள், எம்.ஆர்.ஐ.யில் கொழுப்பை வீதமாக அளப்பதற்கு அதுதான் பெயர், போனிலும் அதைச் சொல்லியே கேளுங்கள். ஈரல் இறுகியிருக்கிறதா என்று பார்க்கும் எலாஸ்டோகிராபி வேறு, தேவையென்றால் அதையும் தனியாக எழுதியிருக்க வேண்டும்.

இரண்டாவது தடவை வேறு இடம். அங்கே மூக்குத்தி. அம்மா கல்யாணத்துக்குப் பிறகு கழற்றியதே இல்லை, திருகு இறுகிப்போய், தேங்காய் எண்ணெய் தேடி வாங்கிப் போட்டு அரை மணி நேரம் போராடினோம். வீட்டிலேயே கழற்றிவிடுங்கள்.

அப்புறம் மூச்சு. மைக்கில் "ஹுஸ்ம அல்லாகென இன்ன", அதாவது மூச்சைப் பிடித்துக்கொண்டிருங்கள் என்று சிங்களத்தில் சொன்னார்கள். அம்மாவுக்குத் தெரிந்தது கடைவீதிச் சிங்களம்தான், பயத்தில் அதுவும் மறந்து மூச்சு விட்டுக்கொண்டே இருக்க, படம் கலங்கிவிட்டது. இன்னொரு நாள் வரச் சொல்லப் பார்த்தார்கள். நான் மிஸ்ஸிடம் கெஞ்சி மைக்கை வாங்கி, "அம்மா, மூச்சை வெளியே விட்டுட்டு அப்படியே பிடிங்க" என்றேன். பிடித்தார். கொழுப்பை அளக்கும் அந்தப் படத்துக்கு ஏறக்குறைய 20 விநாடி மூச்சைப் பிடித்தால் போதும், அவ்வளவுதான்!

14 வீதம். 5க்கு மேல் போனாலே கொழுப்பு ஈரல்தான் என்றார் டொக்டர். சாராயத்தைத் தொட்டே பார்க்காத மனுஷிக்கு எப்படி என்று கேட்டேன், சீனியும் உடல் எடையும் போதுமாம். ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். புதுத் துண்டில் அந்த எழுத்துகளை அவர் எழுதும்வரை நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.