வாடகைக்குப் போன கீபோர்டுகள்

எங்கள் வீட்டில் ஏ.ஆர். ரஹ்மானின் பெயருக்கு முன்னாலேயே அவருடைய அப்பா, மலையாளப் பட இசையமைப்பாளர் ஆர்.கே. சேகரின் பெயர் தெரியும். வெளியூர் நண்பர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும், கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். 1956 நவம்பரில் நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தோம், ஆனால் எங்கள் வீட்டு ரேடியோவின் முள் திருவனந்தபுரத்திலேயேதான் நின்றது. நாகர்கோவிலுக்கு வானொலி நிலையம் வந்தது 1984-ல். அதற்கு முன்னால் எனக்கு நினைவு தெரிந்த காலைகளெல்லாம் மலையாளப் பாட்டுதான். அப்பா பால்வெட்டு முடித்துவிட்டு ரப்பர் பால் வாளியோடு வந்து சேரும்போது உள்ளே யேசுதாஸ் பாடிக்கொண்டிருப்பார், அம்மாவும் கூடவே முணுமுணுத்துக்கொண்டிருப்பாள்.

அம்மாவுக்கு மிகவும் பிடித்த பாட்டு 'சொட்ட முதல் சுடல வரெ'. 1964-ல் வந்த 'பழசி ராஜா' படத்துப் பாட்டு, கவிஞர் வயலார் எழுதியது, இசை ஆர்.கே. சேகர். நம் ஊரில் 'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்கிறோமே, அதைத்தான் மலையாளத்தில் 'சொட்டயிலே சீலம் சுடல வரெ' என்பார்கள். அந்தப் பழமொழியின் வாடை அடிக்கும் பாட்டு. நாங்கள் சேட்டை செய்யும்போதும் அம்மா வாயில் அதே பழமொழிதான் வரும், அதனால் எனக்குப் பாட்டும் திட்டும் ஒன்றாகவே மனதில் பதிந்துபோனது.

1992-ல் 'ரோஜா' கேசட்டை அண்ணன் மார்த்தாண்டத்திலிருந்து வாங்கிவந்தான். இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ யாரோ சொன்னார்கள், இசையமைத்த பையன் நம்ம சேகருடைய மகன் என்று. அம்மா கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு வந்து டேப் ரிக்கார்டர் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதும் கேட்டாள். கேட்டுவிட்டு, "அப்பன் இல்லாம வளந்த பிள்ளையாக்கும், மக்களே" என்று மட்டும் சொன்னாள். அதே வருடம் அவர் இசையமைத்த 'யோதா' என்ற மலையாளப் படமும் வந்தது, எங்களுக்கு இரண்டும் சொந்தப் படம் மாதிரிதான் இருந்தது.

சரி, அந்த அப்பன் இல்லாமல் வளர்ந்த கதைக்கு வருகிறேன். சேகர் 1976-ல் இறந்தபோது அவருக்கு 43 வயது. மகன் திலீப்புக்கு, அதாவது பின்னாளில் ரஹ்மான் ஆனவருக்கு, ஒன்பது. சேகர் தன் பெயரில் இசையமைத்ததைவிட மற்ற இசையமைப்பாளர்களின் மெட்டுக்கு வாத்திய இசை அமைத்து நடத்திக்கொடுத்த பாட்டுகள் அதிகம், ஒரே நேரத்தில் பல படங்களுக்கு ஓடி ஓடி உழைத்த மனிதர். அவர் விட்டுப்போனது இசைக்கருவிகள். வீட்டில் நான்கு பிள்ளைகள். கருவிகளை விற்றுப் பணத்தை வட்டிக்குப் போட்டுப் பிழைத்துக்கொள்ளலாமே என்று சொன்னவர்கள் உண்டு. சேகரின் மனைவி விற்கவில்லை, மகன் இருக்கிறான் என்று சொல்லி வைத்துக்கொண்டார். ரெக்கார்டிங்குகளுக்கு வாடகைக்கு விட்டு, அந்தக் காசில் குடும்பம் நடந்தது.

ரஹ்மானின் இளமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள், வறுமை என்று எழுதிவிட்டு நேராக விருதுகளுக்குப் போய்விடுகிறார்கள். என்னால் அப்படித் தாண்ட முடியாது, ஏனென்றால் வாடகை என்பது எப்படிப்பட்ட பிழைப்பு என்று எனக்குத் தெரியும். என் மாமா குழித்துறையில் மைக் செட் வைத்திருந்தார். அம்மன் கொடை, சர்ச் விருந்தான சபை அசனம், கல்யாண வீடு என்று எங்கேயும் அவருடைய குழாய்தான் கட்டியிருக்கும். அவர் நான் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது போய்விட்டார். மாமி அந்த ஆம்ப்ளிபயரையும் பாக்ஸையும் விற்காமல் வாடகைக்கு விட்டாள். பொருள் வெளியே போகும், நாலு பேர் கைபடும், திரும்பி வரும்போது ஒரு பட்டன் இருக்காது, ஒரு வயர் அறுந்திருக்கும். ஒரு தடவை ஆம்ப்ளிபயர் கருகியே வந்தது, எடுத்துப்போனவர்கள் காசும் தரவில்லை. மாமியின் மகன் பன்னிரண்டு வயதில் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, ஈயம் வைத்து ஒட்டி, தட்டிப்பார்த்துக் காதாலேயே கோளாறைக் கண்டுபிடிக்கப் பழகினான். யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை.

அப்படி ஒரு வீட்டில் வளர்ந்த பையன், கீபோர்டை ஒரு பூசைப்பொருளாக நினைத்திருக்க மாட்டான் என்று நான் நினைக்கிறேன். அது சோறு போடும் சாமான். எந்தச் சுவிட்ச் என்ன சத்தம் தரும், எதை எங்கே செருக வேண்டும் என்பதெல்லாம் சுரத்தோடு சேர்ந்தே உள்ளே போயிருக்கும். பின்னாளில் அவர் இசையில் சத்தத்தின் தன்மை மெட்டுக்குச் சமமாக நிற்கிறதே, அதன் வேர் இங்கேதான் என்பது என் கட்சி.

இன்னொன்று, அப்பா போனாலும் அப்பாவின் கூட்டாளிகள் இருந்தார்கள். முக்கியமாக மலையாள இசையமைப்பாளர் எம்.கே. அர்ஜுனன் மாஸ்டர். அவரும் வறுமையில் தகப்பனை இழந்தவர். கொச்சியிலிருந்து பழனியில் ஓர் ஆசிரமத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கேதான் பாட்டும் ஆர்மோனியமும் படித்தார். 1968-ல் சினிமாவுக்கு வந்தபோது பக்கத்தில் நின்று வேலையை நடத்திக்கொடுத்தவர் சேகர். அந்தக் கடனை அவர் மறக்கவில்லை, சேகரின் மகனைக் கூப்பிட்டுத் தன் ரெக்கார்டிங்கில் கீபோர்டு வாசிக்க வைத்தார். அர்ஜுனன் மாஸ்டர் 2020-ல் இறந்த அன்று அம்மா அந்தப் பழைய பாட்டுகளைப் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் ரஹ்மான் மேற்கத்திய இசை சொல்லிக்கொடுத்த தன்ராஜ் மாஸ்டரிடம் படித்தது, அதே மாஸ்டரிடம் முன்னாலே படித்த இளையராஜாவின் குழுவில் வாசித்தது, ப்ளஸ் ஒன்னோடு பள்ளிக்கூடத்தை விட்டது, விளம்பரப் படங்கள், எல்லாம் பலரும் எழுதியதுதான்.

போன கிறிஸ்துமஸ் சமயத்தில் மாமி வீட்டுக்குப் போயிருந்தபோது இந்தக் கதையை அவளுக்குச் சொன்னேன். ரஹ்மானை அவளுக்குத் தெரியும், அவருடைய அம்மாவைப் பற்றித் தெரியாது. கேட்டுக்கொண்டே இருந்தவள், "வீட்டுக்காரரு கைப்பட வாசிச்ச பெட்டியையும் வாடகைக்கு விட்டாங்களா?" என்றாள். விட்டுத்தானே ஆகணும் மாமி, என்றேன். "அது வெளிய போற அன்னைக்கு மனசு கெடந்து அடிக்கும்" என்றாள். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது, ஏதோ சபைக்குப் போயிருந்த பாக்ஸ்கள் திரும்பி வந்திருந்தன. மாமி எழுந்துபோய் ஒவ்வொரு வயராக எண்ண ஆரம்பித்தாள்.