பொழுது சாய்ந்தால் தண்ணீர் குடிப்பதில்லை

நான் இயன்முறை மருத்துவர். வீடு வீடாகப் போவதுதான் வேலை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கிய பிறகு, ஆஸ்பத்திரிக்கு வர முடியாத முதியவர்களை அவர்கள் இருக்கும் இடத்திலேயே போய்ப் பார்க்கிறோம்.

எந்த வீட்டுக்குப் போனாலும், ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டுவிடுவேன். பொழுது சாய்ந்தால் சொட்டுத் தண்ணீர் தொடாத பாட்டிகள் எத்தனையோ பேர். கழிவறை கொல்லைப்புறத்தில் இருக்கும், இரண்டு படி இறங்க வேண்டும், தரை வழுக்கும். ராத்திரியில் மருமகளை எழுப்பக் கூச்சம். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல், நீர்க்கடுப்பு, எழுந்தால் தலைச்சுற்றல். அப்புறம் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் எழுவதே குறைந்துவிடும்.

தாராபுரம் பக்கம் ஒரு பாட்டி. முட்டித் தேய்மானம். ஒருமுறை கொல்லையில் சறுக்கி விழுந்தார். பெரிய அடி இல்லை. ஆனால் மகன் பயந்துபோய்க் கட்டிலுக்குப் பக்கத்திலேயே எல்லாம் வைத்துவிட்டார். "நீ எந்திரிக்காதம்மா, நான் இருக்கேன்ல" என்பார். அத்தனையும் பாசம்தான். ஆனால் நான் போனபோது இரண்டு கையையும் ஊன்றாமல் பாட்டியால் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. தொடைத் தசை அவ்வளவு கரைந்திருந்தது. திடமான முதியவர்களையே பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால் தசை கிட்டத்தட்ட 1 கிலோ குறைந்திருந்தது. மாதக்கணக்கில் உட்கார்ந்தே இருந்தால் கேட்கவா வேண்டும்?

நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்வோம். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டு என்று கணக்கு. பாட்டிக்கு அதைவிட வெகுநேரம் ஆனது. "எங்க போகணும்னு ஆசைப்படறீங்க?" என்று கேட்டேன். "திண்ணையில போய் உக்காரோணும் கண்ணு. நாலு பேரு மூஞ்சியப் பாக்கோணும்" என்றார்.

சரி, திண்ணைதான் இலக்கு. உட்கார்ந்து எழும் பயிற்சியில் ஆரம்பித்தோம். நாற்காலி தாழ்வாக இருந்ததால் மேலே கெட்டியான மெத்தை போட்டோம். வலிக்கிற காலின் பக்கமே ஊன்றிக்கொண்டிருந்த தடியை மறு கைக்கு மாற்றினோம். நிறையப் பேர் இதைத் தப்பாகத்தான் பிடிக்கிறார்கள். வாசலில் கிடந்த சாக்கு மிதியடியை எடுக்கச் சொன்னேன். மகனே ஒரு இரும்புக் குழாயை வாங்கிவந்து கழிவறைச் சுவரில் கைப்பிடியாகப் பதித்தார், கொல்லையில் விளக்கும் போட்டார். அம்மாவை உட்கார வைத்தவரே இப்போது பின்னால் நின்றபடி நடக்க வைக்கிறார்.

இப்போது பாட்டி சாயங்காலம் திண்ணைக்கு வந்துவிடுகிறார், ராத்திரியிலும் தண்ணீர் குடிக்கிறார். வலி போய்விடவில்லை, இருட்டில் இன்னும் துணை வேண்டும். அடுத்து மாரியம்மன் கோவிலுக்குப் போக வேண்டுமாம். அங்கே மூன்று படி இருக்கிறது. அதற்குத்தான் இப்போது பயிற்சி நடக்கிறது.