டயரின் பெயரும் கிளெய்மின் நாள் கணக்கும்

நாமக்கல்லில் லாரி வைத்திருப்பவர்களிடம் எந்த டயர் நல்லது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயரைச் சொல்வார்கள். ஏன் என்று கேட்டால், அப்பா காலத்திலிருந்து அதைத்தான் போடுகிறோம் என்ற பதிலே பெரும்பாலும் வரும். 1946-இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் பட்டறையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். தவிர வேறொரு பெயர் எங்கள் வீட்டிலும் பல ஆண்டுகள் அடிபட்டதில்லை. நைலான் இழை டயரின் இடத்தை எஃகு இழை வைத்த ரேடியல் டயர் பிடித்து, ஒரகடத்தில் அப்பல்லோவும் தேர்வாய் கண்டிகையில் மிச்செலினும் லாரி ரேடியல்களைச் செய்யத் தொடங்கிய பிறகு, பழக்கத்தை மட்டும் நம்பிப் பணம் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பெயரை அளக்க நான் நம்புவது, தேய்ந்த டயருக்குப் புதுப் பட்டை ஒட்டும் ரீட்ரேட் பட்டறையைத்தான். ஒரு லாரி டயரின் வாழ்நாள் முதல் தேய்மானத்தோடு முடிவதில்லை. கேசிங், அதாவது பட்டைக்கு அடியிலுள்ள டயரின் உடல், கெட்டியாக இருந்தால் புதுப் பட்டை ஒட்டி, பின்சக்கரத்தில் இன்னொரு முறையாவது ஓட்டலாம். ஆகவே தேய்ந்த டயரை உருட்டிக்கொண்டு போய் நிறுத்தும்போது, பட்டறைக்காரர் எந்தப் பெயரைக் கண்டதும் மறுபேச்சின்றி வாங்கிக்கொள்கிறார், எதை ரிம்மில் உட்காரும் பீடு விளிம்போரமாகத் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறார் என்பதைக் கவனித்தால் போதும். விளம்பரம் அவரிடம் எடுபடாது.

வாரண்டியைப் பற்றி நான் கற்றுக்கொண்டது கைப்பணம் கொடுத்துத்தான். சீன லாரி ரேடியல்களுக்கு 2017-இல் பொருள்குவிப்புத் தடுப்பு வரி (மிகக் குறைந்த விலை இறக்குமதியைத் தடுக்கும் வரி) வருவதற்கு முந்தைய ஆண்டு, விலை குறைவு என்பதால் இறக்குமதியான 10.00 ஆர் 20 அளவு டயர்கள் இரண்டை வாங்கினேன். வாரண்டி அட்டையில் ஆண்டுக் கணக்கு தாராளமாகவே இருந்தது. நாக்பூருக்கு இந்தப் பக்கம் ஒரு டயரின் தோள் பகுதி ஆப்பம்போல் உப்பி எழும்பியது. டயரே கையில் இல்லாமல் கிளெய்ம் இல்லை என்பதால், ஓட்டுநர் ஐம்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள அதை லோடின் மேலேற்றிக் கட்டி ஊர்வரை கொண்டுவந்தார். கிளெய்மைப் பார்க்க கம்பெனி ஆள் வருவதற்கு ஒன்றரை மாதம் ஆயிற்று. வந்தவர் உட்புறத்தில் கைவிட்டுத் தடவினார். விரல்களில் கறுப்பாக ரப்பர் தூள் ஒட்டியிருந்தது, பக்கச்சுவரின் உள்ளே வட்டமாக ஒரு மடிப்புக் கோடு ஓடியது. “காற்று குறைவா ஓடியிருக்குங்க” என்று சொல்லி, அட்டையில் அப்படியே எழுதிவிட்டுப் போய்விட்டார்.

அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். ஜோடி டயரில் உள்பக்கத்து டயர் காற்றிறங்கி ஓடுவது வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. காற்று பார்த்த நாளையும் அளவையும் நான் எழுதி வைத்திருக்கவுமில்லை. என் மனக்குறை முடிவைப் பற்றியதன்று, அந்த ஒன்றரை மாதத்தைப் பற்றியது.

வாரண்டி என்பது தயாரிப்புக் குறைக்கு மட்டுந்தான். அதிக பாரம், வெட்டு, காற்றுக் குறைவு எதுவும் அதில் அடங்காது. ஏற்றுக்கொண்டாலும் முழு விலை கிடைக்காது. புதிதில் 16 மி.மீ. இருந்த பட்டையில் 8 மி.மீ. மீதியிருந்தால் ஏறக்குறையப் பாதி விலையே, அதுவும் அடுத்த டயரின் பில்லில் கழிவாகவே, வரும். அந்தப் பாதி எந்த விலையில் பாதி, வாங்கிய அன்றைய விலையிலா இன்றைய விலையிலா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சென்ற மாதம் முன்சக்கரத்துக்கு இரண்டு டயர் வாங்கியபோது, விற்பவரிடம் விலைக்கு முன்பாக, கிளெய்ம் பார்க்கும் பொறியாளர் எந்த ஊரில் இருக்கிறார், வாரத்தில் எத்தனை நாள் நாமக்கல்லுக்கு வருகிறார் என்று கேட்டேன். பிறகு பக்கச்சுவரில் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் காட்டும் நான்கு இலக்கங்களைப் படித்துப் பார்த்து, ஆறு மாதத்துக்கு மேற்பட்டதை மாற்றித் தரச் சொன்னேன். பில் இல்லாமல் வாங்கினால் கொஞ்சம் குறைத்துத் தருவதாக அவர் சொல்லாமலில்லை. 2025 செப்டம்பரில் டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்த பிறகு அந்த ஆசைக்கு முன்பிருந்த வலு இல்லை. பில்லில் இரண்டு டயர்களின் வரிசை எண்களையும் எழுதச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, குனிந்து ஒவ்வோர் எண்ணாகப் படித்து எழுதிக் கொடுத்தார்.