வலப்பக்கச் சாலைக்கு ஒரு ஜோடி விளக்கு

பர்மாவில் வண்டி ஓட்டாதவர்களுக்கு இதை முதலில் சொல்லிவிட வேண்டும். ராணுவ ஆட்சியாளர் நே வின் காலத்தில், 1970இல், இந்த நாட்டுப் போக்குவரத்து சாலையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றப்பட்டது. வண்டிகள் அப்படியேதான் இருந்தன. 2011க்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்து, ஜப்பானில் ஓடிக் கழித்த கார்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கியபோதும் அவை இடப்பக்கம் ஓடுவதற்காகச் செய்யப்பட்ட கார்கள்தான். ஸ்டியரிங் வலப்பக்கம் இருப்பதால், முன்னால் போகும் லாரியை முந்தும்போது எதிரே வருவது ஓட்டுகிறவருக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்தச் சிரமத்தை எல்லோரும் அறிவார்கள். முகப்பு விளக்கிலும் இதே கோளாறு இருப்பது பலருக்குத் தெரியாது.

டிம் போட்டு வண்டியை ஒரு சுவருக்கு எதிரே நிறுத்திப் பாருங்கள். ஒளியின் மேல்விளிம்பு பாதிவரை சமமாகப் போய், அதன்பின் ஒரு பக்கம் சரிவாக மேலே ஏறும். ஜப்பானிய விளக்கில் அது இடப்பக்கம் ஏறும். அங்கே இடப்பக்கம் என்பது சாலையோரம். நடந்து போகிறவர்களும் பெயர்ப்பலகைகளும் தெரிவதற்கான ஏற்பாடு அது. இங்கே இடப்பக்கம் எதிரே வருகிறவரின் கண் இருக்கிறது. நாம் டிம் போட்டுக் கவனமாகத்தான் போகிறோம், ஆனால் எதிரே சைக்கிளில் வருகிறவருக்குப் பாதை மறைந்துவிடுகிறது. நம் பக்கத்து ஓரத்தில் நடப்பவரோ இருட்டிலேயே இருக்கிறார். பெகு நகருக்குப் போகும் சாலையில் இரவில் ஓட்டிய எவருக்கும் இது புரியும்.

எங்கள் வீட்டு வண்டி டொயோட்டா விட்ஸ், முதல் தலைமுறை. விளக்கின் முன்மூடி மஞ்சளித்து, தேய்த்துத் தேய்த்துப் பார்த்தும் தெளியாத நிலைக்கு வந்துவிட்டது. எப்படியும் மாற்றத்தான் வேண்டும், மாற்றுவதை இந்தச் சாலைக்கு உரியதாகவே மாற்றிவிடுவோம் என்று முடிவு செய்தேன். விட்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. இதே கார் ஐரோப்பாவில் யாரிஸ் என்ற பெயரில் விற்கப்பட்டது. ஆகவே வலப்பக்கச் சாலைக்கான விளக்கு என்று ஒன்று உலகத்தில் இருக்கிறது. அசல் பாகம் இங்கே கிடைப்பதில்லை. கிடைத்தாலும் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. வெளிக் கம்பெனிகள் செய்யும் நகல் விளக்குதான் வழி.

கடையில் ஆரம்பித்தது முதல் வாக்குவாதம். "உங்கள் ஸ்டியரிங் வலப்பக்கம், அதற்குரிய விளக்குதான் பொருந்தும்" என்று கடைத் தம்பி பிடிவாதமாகச் சொன்னார். விளக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் சம்பந்தமில்லை, வண்டி சாலையின் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதுதான் கணக்கு என்று நான் விளக்க வேண்டியிருந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். பெட்டியிலேயே ஸ்டியரிங்கை வைத்துத்தான் பெயரிட்டிருக்கிறார்கள். விளக்கைச் செய்தவர்கள் ஒளி எந்தப் பக்கம் ஏறும் என்று பெட்டியில் ஓர் அம்புக்குறி போட்டிருந்தால் போதுமே.

அம்புக்குறி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஐரோப்பிய விதிப்படி செய்த விளக்கின் முன்மூடியில், வட்டத்துக்குள் ஓர் ஆங்கில எழுத்தும் எண்ணும் வார்த்திருக்கும். அதன் அருகே, விளக்கைப் பார்த்து நிற்பவருக்கு வலப்பக்கம் காட்டும் ஓர் அம்பு இருந்தால் அது இடப்பக்கச் சாலைக்கான விளக்கு. அம்பு இல்லாவிட்டால் வலப்பக்கச் சாலைக்கானது. இருபுறமும் முனையுள்ள அம்பு என்றால் இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளலாம். பர்மாவில் நகல் விளக்கு வாங்குகிற ஒவ்வொருவரும் பெட்டியை நம்பாமல் இதைத்தான் பார்க்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. பெட்டியில் 1999 முதல் 2005 வரை என்று போட்டிருந்தது. ஆனால் அந்தத் தலைமுறை விட்ஸின் முகம் இடையில் ஒருமுறை மாற்றப்பட்டது. முன்னதன் விளக்கு பின்னதில் உட்காராது. கைபேசியில் எங்கள் வண்டியின் படம் இருந்ததால் கடையிலேயே ஒப்பிட்டு, சரியான வடிவத்தைத் தேடி எடுக்கச் செய்தேன்.

அக்கா மகன் உதவிக்கு வந்தான். பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிவிட்டு பம்பரைத் தளர்த்தினோம். பழைய பிளாஸ்டிக் கிளிப்புகள் இந்த ஊர் வெயிலில் பிஸ்கெட்டைப் போல நொறுங்கும். மாற்றுக் கிளிப்புகளை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. 10 எண் பாக்ஸ் ஸ்பானர் ஒன்றே பெரும்பாலான போல்ட்டுகளுக்குப் போதும். பழைய விளக்கு கையோடு வந்துவிட்டது. அதுவரை வேலை சுகமாகவே போனது.

புதியதை உள்ளே வைத்தபோது மேலே உள்ள துளைகள் பொருந்தின, பக்கவாட்டுத் துளை பொருந்தவில்லை. போல்ட் உட்கார வேண்டிய இடத்திலிருந்து அரை விரற்கடை தள்ளி நின்றது. இத்தகைய பாகங்களைச் செய்பவர்கள் அசலை அச்செடுத்து வார்த்துவிட்டு, ஒரே ஒரு வண்டியில் மாட்டிப் பார்த்திருந்தால்கூட இது தெரிந்திருக்கும். பட்டறைகளில் இந்த நிலையில் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும்: ஒருவர் விளக்கை அழுத்திப் பிடிப்பார், இன்னொருவர் போல்ட்டை முடுக்கி இழுத்துவிடுவார். பார்க்கப் பொருந்திய மாதிரிதான் இருக்கும். ஆனால் விளக்கின் உடல் முறுக்கிக்கொள்ளும். துளை உள்ள அந்தப் பிளாஸ்டிக் காது மேடு பள்ளத்தில் அடிவாங்கிச் சீக்கிரமே விரியும். பிறகு மொத்த விளக்கும் ஆடும், அதன் ஒளியும் ஆடும். நாங்கள் உருண்டை அரத்தால் துளையை நீள்வட்டமாக்கி, அகலமான வாஷர் வைத்து, இழுப்பில்லாமல் முடுக்கினோம். ஃபெண்டருக்கும் விளக்குக்கும் நடுவே ஓர் இடைவெளி மிஞ்சியது. அது மிஞ்சட்டும் என்று விட்டேன்.

பல்ப் மாட்டும் இடம் அதைவிட மோசம். இது எச்4 பல்ப், பட்டையான உலோக வளையத்தில் மூன்று காதுகள் இருக்கும். அந்தக் காதுகள், பல்பின் ஒளியை முன்னே திருப்பும் ரிஃப்ளெக்டரின் பின்வாயில் உள்ள பள்ளங்களில் கச்சிதமாக அமர்ந்தால்தான் இழை இருக்க வேண்டிய புள்ளியில் இருக்கும். புதிய விளக்கில் ஒரு பள்ளத்தின் ஓரத்தில் வார்ப்புப் பிசிறு நகத்தில் தட்டும் அளவுக்குத் துருத்திக்கொண்டிருந்தது. பல்ப் உட்கார்ந்த மாதிரி தோன்றும், ஆனால் விரலால் தொட்டால் ஒரு பக்கம் தூக்கும். அதை அழுத்திப் பிடிக்க வேண்டிய கம்பி ஸ்பிரிங்கோ வலுவே இல்லாதது. பிசிறைக் கத்தி முனையால் மெல்லச் சுரண்டி எடுத்து, தூள் ரிஃப்ளெக்டருக்குள் விழாமல் ஈரத்துணியால் துடைத்தோம். பழைய விளக்கிலிருந்து ஸ்பிரிங்கைக் கழற்றி இதில் மாட்டினோம். பழைய ஸ்பிரிங் படக்கென்று பூட்டியது. இத்தனை வருடம் எஞ்சின் சூட்டில் வெந்த கம்பி, புதியதைவிட உறுதியாக இருந்தது!

என்னை உண்மையிலேயே கோபப்படுத்தியது அடுத்து வந்தது. மாட்டியபின் விளக்கை லேசாகத் தட்டினால் உள்ளே கடகடவென்று சத்தம். ரிஃப்ளெக்டர் ஒரு மூலையில் எதையும் பிடிக்காமல் தொங்கிக்கொண்டிருந்தது. ஐரோப்பிய வண்டிகளில் டாஷ்போர்டில் ஒரு சிறு சக்கரம் இருக்கும். பின்னால் ஆளும் மூட்டையும் ஏறி வண்டியின் மூக்கு தூக்கினால், அதைத் திருப்பி ஒளியைத் தாழ்த்திக்கொள்ளலாம். அந்த வேலையைச் செய்யும் சின்ன மோட்டார்தான் ரிஃப்ளெக்டரின் மூன்றாவது பிடிமானம். நகல் விளக்கில் மோட்டாருக்கான ஓட்டை இருந்தது, மோட்டார் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் தாங்கியாவது வைத்திருக்க வேண்டும், அதுவும் இல்லை. ஓட்டையின் மேல் ஒரு காகித ஒட்டு, அவ்வளவுதான். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இதை அப்படியே மாட்டிக்கொண்டு ஓட்டுகிறவரின் ஒளி ஒவ்வொரு குழியிலும் எதிரே வருகிறவர் முகத்தில் ஏறி இறங்கும். எதை நிறுத்துவதற்காக இந்த விளக்கை வாங்கினேனோ அதையே இது செய்யும்.

எங்கள் தெருவில் சயா என்று எல்லோரும் அழைக்கும் பர்மிய மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவர் வந்து பார்த்துவிட்டு, உடைந்த விளக்குகளைப் பிரித்து விற்கும் பழைய சாமான் கடைக்கு வழி சொன்னார். அங்கே மோதி நொறுங்கிய விளக்குகளின் குவியலிலிருந்து மோட்டார்களைக் கழற்றி விற்கிறார்கள். கம்பி இணைப்பு கொடுக்காவிட்டாலும் அது நகராத தாங்கியாக நிற்கும். அதன் பின்பக்கத் திருகைக் கையால் திருப்பி உயரத்தைச் சரிசெய்யலாம். மோட்டாரின் முனையில் உள்ள குமிழை ரிஃப்ளெக்டரின் குழிக்குள் நுழைப்பது கண்ணால் பார்த்துச் செய்கிற வேலையல்ல. பல்ப் துளை வழியாக ஒரு விரலால் ரிஃப்ளெக்டரை மெல்லப் பின்னே இழுத்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் மோட்டாரை அழுத்த வேண்டும். விரல் மெல்லிய பையன்களுக்கே முடியும். "மாமா, குழிக்குள் விழுந்துவிட்டது" என்று அக்கா மகன் சொன்ன பிறகு தட்டிப் பார்த்தோம். சத்தம் இல்லை.

பெட்டியோடு இலவசமாக ஒரு ஜோடி எல்.இ.டி. பல்புகளும் வந்திருந்தன. வெள்ளை வெளேரென்று இருக்கும் என்று மருமகனுக்கு ஆசை, மாட்டிப் பார்த்தோம். எச்4 பல்பில் டிம் இழையின் கீழே ஒரு சிறு உலோகக் கிண்ணம் இருக்கிறது. அதுவும் இழையின் இடமும் சேர்ந்துதான் அந்த மேல்விளிம்பைக் கூர்மையாக வெட்டுகின்றன. எல்.இ.டி.யில் ஒளி பிறக்கும் இடமும் அதன் தடிமனும் வேறு. சுவரில் விளிம்பே இல்லை, ஒளி எல்லாப் பக்கமும் வழிந்தது. போதாததற்கு அதன் பின்னால் உள்ள விசிறி துருத்துவதால் ரப்பர் மூடியும் போட முடியவில்லை. மழைக்காலத்தில் உள்ளே தண்ணீர்தான். கழற்றிவிட்டு வழக்கமான 60/55 வாட் பல்பையே போட்டோம். புது விளக்கோடு வந்த ரப்பர் மூடி விறைப்பாக இருந்ததால் பழைய மூடியைப் போட்டோம். ஒரு விளக்கில் காற்றுப்போக்குக்கான வளைந்த ரப்பர் குழாயும் இல்லை, அதற்கும் பழையதே உதவியது. ஆகையால் வேலை முழுவதும் முடியும்வரை பழைய விளக்கைக் குப்பைக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

ஒளியைச் சரிபார்க்கக் கோயில் மதில் கிடைத்தது. பூசாரி ஐயாவிடம் கேட்டுக்கொண்டு, எங்கள் வார்டில் மின்சாரம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனோம். தெருவிளக்கு எரிந்தால் விளிம்பு சரியாகத் தெரியாது. வண்டியைச் சமதரையில், சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்தினோம். டயர் காற்று சரியாக இருக்க வேண்டும், ஓட்டுநர் இடத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். பல்பின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு, அதற்கு 5 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. ஒளியின் சமமான விளிம்பு கீழ்க்கோட்டில் படிய வேண்டும். அதாவது 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் இறக்கம். ஒரு விளக்கைத் துணியால் மூடிவிட்டு மற்றதைத் திருக வேண்டும், இல்லாவிட்டால் எது எதனுடையது என்று குழம்பும். இடப்பக்கம் விளிம்பு கோட்டோடு படுத்திருந்தது. வலப்பக்கம் மேலே ஏறியது. அந்த ஏற்றத்தைச் சரியான பக்கத்தில் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். இத்தனை காலம் இந்த வண்டி இந்தச் சாலையில் அப்படி ஒளி வீசியதே இல்லை.

அரம் போட்ட காதைப் படம் எடுத்துக் கடைத் தம்பியிடம் காட்டினேன். மோட்டார் இல்லாத விளக்கை இனி அதைச் சொல்லாமல் விற்காதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டேன். அவரும் காது கொடுத்துக் கேட்டார்.

இப்போது பக்கத்து வீட்டு அண்ணன் தன் டொயோட்டா புரோபாக்ஸுக்கும் இப்படிச் செய்ய முடியுமா என்று கேட்கிறார். அது ஜப்பானுக்கென்றே செய்த வண்டி. வலப்பக்கச் சாலைக்கான விளக்கு அதற்குக் கடைகளில் கிடைக்கவில்லை. இடப்பக்கம் மேலே ஏறும் அந்தத் துண்டு ஒளியை மட்டும் மறைக்க வழி இருக்கிறது. சுவருக்கு எதிரே நிறுத்தி, கறுப்பு டேப் துண்டை முன்மூடியின் மேல் நகர்த்தி நகர்த்திப் பார்த்து, எங்கே வைத்தால் ஏற்றம் அணைகிறதோ அங்கே ஒட்ட வேண்டும். நம் ஓரம் கூடுதலாகத் தெரியாது, எதிரே வருகிறவருக்காவது கண் கூசாது. மழையில் டேப் உரியும். உரிந்தால் மறுபடி சுவரடிக்குப் போக வேண்டும். வருகிற ஞாயிறு மாலை அவர் வண்டியோடு மதிலடிக்குப் போகிறோம்.